மண் தின்னும் பிள்ளையைப் பார்ப்பது எப்படி

கொல்லிமலையில் மண் தின்னும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று விளக்கங்கள் உடனே வந்துவிடும். வயிற்றில் பூச்சி இருக்கிறது; சுண்ணாம்புச்சத்து பற்றவில்லை; வீட்டில் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை. செம்மேட்டில் கேட்டாலும் சோளக்காட்டுச் சந்தையில் கேட்டாலும் இதே மூன்றுதான். மூன்றாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெற்றவளின் காதில் விழும்படியே சொல்கிறார்கள். அதனால் இந்தப் பழக்கமுள்ள பிள்ளைகள் எங்களிடம் வேறு காரணம் சொல்லித்தான் வந்து சேர்கிறார்கள். பேச்சு வரவில்லை, பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. எல்லாம் பேசி முடித்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வாசற்படியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தாய் சொல்வாள்: "இன்னொண்ணுங்க டீச்சர், இவன் செவுத்தச் சொரண்டித் தின்னுறானுங்க."

வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் நடத்தைச் சிகிச்சையாளர் நான். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மலைக்குப் போய், வீடுகளில் உட்கார்ந்து பார்ப்பது என் பணியில் ஒரு பகுதி. இந்தத் தொழிலில் எது கடினம் என்று இளையவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். பிள்ளை அடித்தால், கடித்தால், தலையை முட்டிக்கொண்டால் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மண் தின்பது சத்தமில்லாமல் நடக்கும். பக்கத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை. செய்த வேலைக்கு வாயே கூலி கொடுத்துவிடுகிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்ளும் நடத்தைகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகக்கூடியது இது. குடல் அடைத்துக்கொள்ளலாம், துளை விழலாம், மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கலாம், ஈயம் ரத்தத்தில் ஏறலாம்.

பெயர் சூட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது. தவழும் வயதில் கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகும், அது இயல்பு. மருத்துவர்கள் 'பைக்கா' என்று அழைக்கும் இந்த நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு சில வரம்புகளை வைத்திருக்கிறது. உணவல்லாத, சத்தில்லாத பொருளை ஒரு மாதத்துக்குக் குறையாமல் தின்றுவர வேண்டும். பிள்ளையின் வளர்ச்சி நிலைக்கு அது பொருந்தாததாக இருக்க வேண்டும்; 2 வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்காமல் இருப்பதே நல்லது. அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கமாகவும் அது இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி வரம்பு நம் ஊரில் மிக முக்கியம். புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் தம் சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் வேட்கையால் உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். மசக்கையில் மண் தின்பது அன்றைக்கே ஊரறிந்த சங்கதி. ஒளித்துச் செய்யும் அவமானமாக இருந்திருந்தால் ஓர் அரசனின் புகழ்ப்பாட்டில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. இன்று அடுப்புச் சாம்பலையும் திருநீற்றையும் பச்சரிசியையும் சிலேட்டுக்குச்சியையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன். வேட்கை மாறவில்லை, அதைச் சொல்வதற்கான துணிவைத்தான் நாம் அவர்களிடமிருந்து பறித்துவிட்டோம்.

ஒரு பிள்ளை வந்ததும் என் முதல் வேலை நடத்தையைப் பற்றியதே அல்ல. ரத்தத்தைப் பார்க்கச் சொல்வேன். 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு திருத்தமும் சொல்கிறது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும்போது உடல் ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும் என்பதால், ஆயிரம் மீட்டருக்கு மேலே வாழும் பிள்ளையின் 11 நாமக்கல்லில் இருக்கும் பிள்ளையின் 11க்குச் சமம் இல்லை. கொல்லிமலையின் மேட்டுநிலம் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "பரவாயில்லை, 11 இருக்கு" என்று சீட்டை மடித்து வைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். ஆகவே மண் தின்னும் பிள்ளைக்கு ரத்தம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. எது எதற்குக் காரணம் என்பதுதான் சிக்கல். இரும்புச்சத்துக் குறைவு இந்த வேட்கையைத் தூண்டுகிறது என்று ஒரு தரப்பு. சிலவகைக் களிமண் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது என்று இன்னொரு தரப்பு. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பைக்கா உள்ளவர்களிடம் ரத்தசோகைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு என்று கண்டது. துத்தநாக அளவும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. எது முன், எது பின் என்று தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குறைவு இருந்தால் அதை நிரப்ப வேண்டும். சிலருக்கு இரும்புச்சத்து மருந்து தொடங்கியதும், ஹீமோகுளோபின் முழுதாக ஏறும் முன்பே, வேட்கை அடங்கிவிடும். அத்தகைய பிள்ளைக்கு என் சேவை வேண்டியதே இல்லை. எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

சுண்ணாம்புச்சத்து விளக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவர்ச் சுண்ணாம்பைத் தின்கிறான், ஆகவே சுண்ணாம்புச்சத்து குறைவு என்ற கணக்கு காதுக்குச் சரியாகப் படுகிறது. அதை நம்பி மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிய அளவில் கால்சியம் இருக்கிறது. தினமும் களி கிண்டும் வீட்டில் டானிக் வாங்கிய சீட்டைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படும். கூலிக்காசு போவது ஒரு பக்கம். கால்சியம் மருந்தையும் இரும்பு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பது இன்னொரு பக்கம். சாப்பாட்டோடு டீயோ காப்பியோ கொடுத்தாலும் அப்படித்தான். காப்பி விளையும் மலையில் பிள்ளைகளுக்கும் கடுங்காப்பி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இரும்பு மருந்து கொடுக்கும் நேரத்தில் அதைத் தள்ளிவைத்து, மலையிலேயே கிடைக்கும் கொய்யாவையோ நெல்லிக்காயையோ கொடுக்கச் சொல்கிறேன்.

மலையின் சாப்பாடே மாறியிருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டுக்காடுகளில் பெரும்பகுதியைக் குச்சிக்கிழங்கு எடுத்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது. காசு கையில் புரண்டது, சத்து குறைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்திருக்கிறது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது சாமை குத்தும் வேலையைப் பெண்களின் தோளிலிருந்து இறக்க ஊருக்குள் அரவை எந்திரங்களைக் கொண்டுவந்தது. தானியத்தைப் போற்றிப் பேசுவது சுலபம். உலக்கை பிடித்தவளுக்குத்தான் அது ஏன் அடுப்படியிலிருந்து காணாமல் போனது என்று தெரியும்.

பூச்சி விளக்கத்திலும் பாதி உண்மை உண்டு. கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் வெறுங்கால் வழியே ஏறுவது. மண் தின்பதால் நேரே வயிற்றுக்குள் போவது உருண்டைப்புழுவின் முட்டையும் சாட்டைப்புழுவின் முட்டையும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாமல் விழுங்க வைக்க வேண்டும். அதோடு செருப்பு. கூடவே பழைய கதவு, சன்னல்களின் பெயிண்டையும் பார்க்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையும் மஞ்சளும் இன்னும் உரிந்துகொண்டிருக்கின்றன. பிள்ளை பெயிண்ட்டைச் சுரண்டித் தின்கிறது என்றால் ரத்தத்தில் ஈயம் பார்க்க அனுப்புவதில் தயக்கமே கூடாது. வாந்தி, வயிறு உப்புதல், மலம் போகாமை, விடாத வயிற்றுவலி இருந்தால் என்னிடம் வர வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொத்தான் பேட்டரியோ காந்தமோ விழுங்கியிருந்தால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு, ரத்தம் சரியான பிறகும், தின்றுகொண்டே இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அறிவுவளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைகள் பலர். அங்கேதான் என் தொழில் தொடங்குகிறது. அங்கே நான் கேட்பது ஒரே கேள்வி: இதனால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

தடுத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கையைத் தட்டிவிடுவது, வேப்பெண்ணெய் தடவுவது, மிளகாய்த்தூளைச் சுவரில் பூசுவது, கையில் சூடு வைப்பது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அவற்றால் பிள்ளை தின்பதை நிறுத்துவதில்லை, நமக்கு முன்னால் தின்பதைத்தான் நிறுத்துகிறது. அதன்பின் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். நம் கண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தகவலும் அதோடு போய்விடும்.

முதலில் எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாத வீட்டில் தினசரி நாட்காட்டித் தாள் போதும். காலை, உச்சி, சாயங்காலம் என்று தாளை மூன்றாக மடித்து, தின்றதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பகுதியில் ஒரு கோடு. தாளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வாய்க்குப் போகும். இரண்டு வாரத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் வீட்டின் நாள் முழுதும் தெரிந்துவிடும். பாட்டி அடுப்பு மூட்டும் நேரத்தில் கோடுகள் குவிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வந்தால் ஒன்றும் இருக்காது. மழை பெய்த மறுநாள் கூடியிருக்கும்.

அடுத்தது சோதனை. 1982இல் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். பிள்ளை சிறிது நேரம் தனியாக இருக்கிறது. சிறிது நேரம் அந்தச் செயலைச் செய்தால் மட்டும் கவனம் கிடைக்கிறது. சிறிது நேரம் கடினமான வேலை தரப்பட்டு, அதைச் செய்தால் வேலை நிறுத்தப்படுகிறது. சிறிது நேரம் விளையாட்டும் கொஞ்சலும் தாராளமாகக் கிடைக்கின்றன. எதில் நடத்தை கூடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அது எதற்காக என்று புலப்படும். இன்று உலகெங்கும் எங்கள் தொழிலின் அடித்தளமே இந்த முறைதான். பைக்காவில் பெரும்பாலும் தனிமையில்தான் எண்ணிக்கை ஏறும். அல்லது நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்காகவும் இல்லை, அந்தச் செயலே தரும் சுகத்துக்காக என்பதற்கு அதுதான் அறிகுறி.

ஆனால் மண்ணைத் தின்ன விட்டுவிட்டு எண்ண முடியுமா? முடியாது. ஆகவே மண்ணைப் போன்ற ஒன்றைச் செய்ய வேண்டும். இந்த வேலையில் எனக்குள்ள ஈடுபாட்டை மறைக்கவே முடியாது. தோற்றம் நெருங்கியிருக்க வேண்டும், தின்றால் தீங்கு இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்காத அளவாக இருக்க வேண்டும். செம்மண் கட்டிக்கு, வறுத்த கேழ்வரகு மாவைப் பிசைந்து, பிய்த்து, வெயிலில் காயவைத்த துண்டுகள். சுவர்ச் சுண்ணாம்புக்கு, உப்புக் குறைத்த அரிசிமாவுக் கூழைத் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்து உடைத்த செதில்கள். அறையை முழங்காலிட்டுத் தவழ்ந்து துடைத்து, உண்மையான மண் ஒரு துணுக்கும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இவற்றைப் பரப்ப வேண்டும். தரையில் கிடப்பதைத் தின்ன நாமே பழக்குகிறோமோ என்று சகபணியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சோதனையைச் சுருக்கமாக வைத்து, விடை தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சு வராத பையன். பெற்றோர் பிழைப்புக்காக வெளியூரில், பாட்டியிடம் வளர்கிறான். வீடு மண்சுவர் வீடு, வெளிச்சுவரில் வெள்ளை. திண்ணையை ஒட்டிய சுவரில் அவன் தோள் உயரத்துக்கு வரிவரியாக நகக்கீறல்கள். வேறு எதையும் தின்பதில்லை. தரையில் கிடக்கும் மண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுவர் மட்டும்தான்.

அரிசிமாவுச் செதில்களைக் கிண்ணத்தில் வைத்தோம். இரண்டைத் தின்றுவிட்டுச் சுவரிடம் போனான். நிறம், மொறுமொறுப்பு, வாயில் கரையும் விதம் எல்லாம் நெருங்கிவந்தும் அவன் திருப்தி அடையவில்லை. பிறகு ஒரு பலகையில் அதே அரிசிமாவுக் கூழைக் கனமாகப் பூசிக் காயவைத்து, சுவரில் சாய்த்து வைத்தோம். அவன் போய் நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தான். அந்தச் சத்தத்துக்கு அவன் முகம் மாறியதைப் பாட்டியும் பார்த்தாள். அன்று அவன் பலகையை விட்டு நகரவில்லை. தின்றது கொஞ்சம், சுரண்டியதுதான் அதிகம். வாய் மட்டும் தேடியிருந்தால் கிண்ணமே போதுமாயிருக்கும். அவனுக்கு வேண்டியிருந்தது நகத்தின் கீழே ஏதோ ஒன்று பெயர்ந்து வரும் அந்த உணர்வு. பெயர்ந்தது வாய்க்குப் போவது அதன் முடிவுக் கட்டம்.

இது தெரிந்ததும் பாதிச் சிகிச்சை முடிந்தது என்பேன். 1998இல் கேத்லீன் பியாட்சாவின் குழு செய்த ஆய்வு இந்த வழியைத்தான் காட்டியது. கிடைக்கும் உணர்வோடு பொருந்தும் பொருளைக் கொடுத்தால் பைக்கா குறையும் அளவுக்கு, பொருந்தாத பொருளைக் கொடுத்தால் குறைவதில்லை. பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டு 'எதுவும் எடுபடவில்லை' என்று சோர்ந்துபோகிறவர்களிடம் நான் கேட்பது, கொடுத்த பொருளில் அவன் தேடியது இருந்ததா என்பதுதான்.

எதைக் கொடுப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, பாட்டி சொன்னாள்: "களிச் சட்டி காந்தலச் சொரண்டக் குடுக்கலாமுங்களா?" சிகிச்சைத் திட்டத்தின் மிகச் சிறந்த வரி அதுதான். களி கிண்டிய சட்டியின் அடியில் பிடித்த காந்தல், தேங்காய்த் தொட்டியில் ஒட்டிய பருப்பு என்று சுரண்டித் தின்னக்கூடியவை நம் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கின்றன. நாட்காட்டித் தாளில் கோடுகள் குவிந்த நேரத்துக்குச் சற்று முன்பே அவை அவன் கைக்கு வந்தன. பின்னால் கொடுத்தால் சுவரைச் சுரண்டியதற்குப் பரிசாகிவிடும் என்பதால் முன்பே கொடுப்பது முக்கியம். குச்சிக்கிழங்கையும் பாட்டி யோசித்தாள். வேகவைத்ததோ பொரித்ததோ சரி. பச்சையாக மட்டும் வேண்டாம் என்றேன். பச்சைக் கிழங்கில் உடலுக்குள் சயனைடாக மாறும் பொருள் உண்டு. தோலில் இன்னும் அதிகம்.

மாற்றிக்கொடுக்கும் பழக்கத்தை அடுத்துக் கற்பித்தோம். தின்னத் தகாத ஒன்றைக் கையில் எடுத்தால் அதைப் பெரியவர் கையில் வைத்துவிட்டு, அவனுக்கு மிகப் பிடித்த முறுக்குத் துண்டை வாங்கிக்கொள்ள வேண்டும். 2006இல் லீ கெர்னும் சகாக்களும் இரண்டு பிள்ளைகளிடம் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முறை இது. இதில் ஒரு சிக்கல் வரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் முறுக்குக்காகவே சுவரைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பரிசைச் சுவரைக் கடந்து சும்மா நடந்துபோவதற்கும் கொடுக்கத் தொடங்க வேண்டும். மெல்ல மெல்ல அதற்கு மட்டும் என்று ஆக்க வேண்டும். கூடவே ஒரே தட்டு. சாப்பாடு என்பது அந்தத் தட்டில் இருப்பது; தட்டில் இல்லாதது வாய்க்கு உரியதில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு இந்த எல்லை நாம் சொல்லும் நூறு 'சீ'க்களைவிட நன்றாகப் புரியும்.

கையை மறிப்பதும் உண்டு. மறித்தால் ஒவ்வொரு முறையும் மறிக்க வேண்டும், அதுவும் கை நீளும்போதே. வாய்க்குப் பக்கத்தில் வந்தபின் பிடிப்பதில் பயன் குறைவு என்று இதற்கென்றே செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தில் இரண்டு தப்பினாலும் பிள்ளை இன்னும் வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்ளும். ஒற்றை ஆளாக அடுப்பையும் ஆட்டையும் பார்க்கும் பாட்டியிடம் 'விடாமல் மறி' என்று சொல்வது அநியாயம். அதனால் சுவரையே மாற்றினோம். உறவினர் ஒருவர் பையனின் கை எட்டும் உயரம்வரை சிமெண்ட் பூசிக் கொடுத்தார். கூட்டுவதைப் பற்றியும் சொன்னேன்: பிள்ளை எழும் முன் ஒரு முறை, பள்ளியிலிருந்து வரும் முன் ஒரு முறை. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் கட்டிலுக்கடியில் இருப்பது தெரியும்.

கோடுகள் குறைந்தன. ஒரேயடியாக இல்லை. மழைக்காலத்தில் ஏறின, பெற்றோர் ஊருக்கு வந்து திரும்பிப் போன வாரத்தில் ஏறின. பிறகு பல நாள் தாள்கள் வெறுமையாகவே கிழிபட்டன. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அதே தட்டு, அதே மாற்று என்று பழக்கினோம். வீட்டில் கற்றது வீட்டோடு நின்றுவிடும் என்பதை இந்தத் தொழிலில் மறக்கக் கூடாது.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இப்படி உடம்புக்குள்ளேயே இருப்பதில்லை. சிலேட்டுக்குச்சி தின்னும் ஒரு சிறுமிக்கு, கடித்த சத்தம் கேட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்குக் கிடைத்த கூலி அந்த அருகாமைதான். குச்சி கடிக்காத நேரத்தில் ஆசிரியை பக்கத்தில் உட்காரத் தொடங்கியதும் அது குறைந்தது. இருவருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பழக்கம்தான். இவளுக்கு உதவியது அந்தப் பையனுக்கு உதவியிருக்காது.

என் தொழிலின் பழைய வழிகளையும் சொல்லியாக வேண்டும். 1970களிலும் 80களிலும் பைக்காவுக்குத் தண்டனை வழிகள் பல வெளியாயின. வாயைக் கிருமிநாசினியால் நெடுநேரம் தேய்த்துக் கழுவ வைப்பது, முகத்தில் நீர் தெளிப்பது, எலுமிச்சைச் சாற்றை வாயில் விடுவது, துணியால் முகத்தை மூடுவது. செய்தவர்கள் கொடியவர்கள் இல்லை. உயிருக்கு ஆபத்தான ஒன்றை நிறுத்தத் துடித்தவர்கள். எண்ணிக்கை குறைந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அவற்றை நான் செய்வதில்லை, என்னிடம் பயில்பவர்களைச் செய்யவும் விடுவதில்லை. பேச முடியாத பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே சுகத்தைத் தேடும்போது, அது என்ன என்று கேட்காமலே அதை வேதனையாக்கும் உரிமை நமக்கு இல்லை. 2011இல் லூயிஸ் ஹகோபியனும் சகாக்களும் வெளியான ஆய்வுகளை அலசி, நடத்தைச் சிகிச்சை பைக்காவுக்கு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை என்று முடிவு சொன்னார்கள். கொடுப்பதையும் கற்பிப்பதையும் முதலில் முழுதாகச் செய்து பார்த்தவர்களுக்கே மறிப்பதைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு என்பது என் கட்சி.

மலையில் இதற்கெல்லாம் ஆள் போதாது. ஒரு நடத்தைச் சிகிச்சையாளரைப் பார்க்க மலையிறங்கி ஒருநாள் கூலியை இழக்க வேண்டும் என்றால் எந்தக் குடும்பமும் இரண்டு முறைக்கு மேல் வராது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைத் தயவாக நினைக்காமல் சிகிச்சையின் பகுதியாக நினைக்க வேண்டும். அந்தச் சுவரைப் பார்க்காமல், அந்தத் திண்ணையில் உட்காராமல், மருத்துவமனை அறையில் எனக்கு அந்தப் பலகை தோன்றியிருக்காது.

இதைப் படிப்பவர்களில் அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், ஆசிரியர்கள் இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எடை பார்க்கும்போதும், கர்ப்பிணிக்கு ரத்தம் எடுக்கும்போதும், மற்றக் கேள்விகளின் நடுவே இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "மண்ணு, சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி இப்படி ஏதாவது திங்கத் தோணுதா? புள்ளை திங்குதா?" குரலில் வியப்பு வேண்டாம், முகத்தைச் சுளிக்க வேண்டாம், பக்கத்தில் மாமியார் நிற்கும்போது கேட்க வேண்டாம். ஆமாம் என்று ஒருத்தி சொன்னால் அவளைத் திட்டாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுங்கள்.